சித்திரை முதல் செவ்வாய்

ஏப்ரல் 8, புதன்

சுஜினுக்கு இன்னும் மூக்கு ஒழுகுகிறது. பள்ளிக்கூடம் அடைத்ததிலிருந்து அக்காள் அபிஷாவும் அவனுமாக வீட்டைத் தலைகீழாக்குகிறார்கள். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடையில் உட்கார்ந்து பில் போடுகிற நேரம்தான் இப்போது எனக்கு ஓய்வு நேரம்.

சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இந்த வருஷம் கொடைக்குப் போவமா?" என்றார். மோர்க் கரண்டி என் கையில் அப்படியே நின்றது. நாலு வருடமாக இந்த வீட்டில் ஊர்க்கோவில் திருவிழாப் பேச்சே கிடையாது.

"எங்க, செவல்காட்டுக்கா?"

"வேற எங்க? வண்டி வாங்கிட்டு குலதெய்வத்துகிட்ட காட்டாம இருக்கலாமா?"

பழைய கார்தான். வாங்கி ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் காட்டாத வண்டியை இப்போது திடீரென்று காட்ட வேண்டுமாம். அண்ணனைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்று நேராகச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளுமோ?

ஏப்ரல் 9, வியாழன்

காரணம் சுஜின்தான் என்று நினைக்கிறேன். போன வாரம் அவரிடம் போய், "அப்பா, எனக்குப் பெரியப்பா உண்டா? பக்கத்து வீட்டு ரோஷனுக்கு மூணு பேர் உண்டே" என்று கேட்டான். உண்டு என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

உண்டு. வன்னியராஜ் அத்தான், தூத்துக்குடியில். இவரைவிட ஆறு வயது மூப்பு. நாலு வருடம் முன்பு மாமியார் சொந்த ஊரான செவல்காட்டில் இறந்த அன்று கேரளத்தில் ஹர்த்தால். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. இவர் யார் யாருடைய பைக்கிலோ தொற்றிக் களியக்காவிளை எல்லையைத் தாண்டி, அங்கிருந்து மூன்று பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பது அவர்கள் முறை. அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் இவர். பொழுது சாயுமுன் எடுத்துவிட வேண்டும் என்று ஊரார் அவசரப்படுத்த, அத்தானே வைத்துவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். சனங்களுக்கு முன்னால், "பெத்தவளுக்குக் கொள்ளி வைக்கக்கூட நேரத்துக்கு வராத பய" என்று சொல்லிவிட்டார். "ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்க மாட்டியா?" என்று இவர் கேட்டார்.

அன்றைக்கு வாட்ஸ்அப் குடும்பக் குழுவிலிருந்து வெளியே வந்தவர்தான். நல்லது கெட்டது எதுவும் எங்களுக்கு வருவதில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

உச்சினிமாகாளிக்குக் கொடை சித்திரை முதல் செவ்வாய்க்கிழமை. "லீவு சொல்லணும், என்னைக்கு வருதுன்னு பாரு" என்றார். அடுப்படியில் தொங்குகிற மலையாளக் காலண்டரைப் பார்த்தேன். மேடம் ஒன்று பதினைந்தாம் தேதி, புதன்கிழமை, விஷு. மேடம்தானே நம் சித்திரை. அதற்குப் பிறகு வரும் முதல் செவ்வாய் இருபத்தொன்று. சொல்லிவிட்டேன். அவர் தான் கிரேன் ஓட்டுகிற விழிஞ்ஞம் துறைமுகத்தில் சூப்பர்வைசரிடம் லீவும் சொல்லிவிட்டார்.

யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாதாம். "போன்ல சொன்னா அவன் ஏதாவது சொல்லுவான், நான் ஏதாவது சொல்லுவேன். நேர்ல போயி நின்னுரணும். திங்கக்கிழமையே போயிரணும். இந்தத் தடவை பிந்திட்டான்னு ஒருத்தன் சொல்லப்பிடாது."

கடைசி வரியை இரண்டு தடவை சொன்னார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

நாகர்கோவிலில் இருந்து அம்மா போன். புத்தாண்டு வாழ்த்துச் சொன்னாள், பாயசம் வைத்தாயா என்று கேட்டாள். இங்கே நாளைக்குத்தானே விஷு, நாளைக்கு வைக்கிறேன் என்றேன். "நல்ல கூத்து, ஒரே வீட்டுல ரெண்டு வருஷப் பிறப்பு" என்று சிரித்தாள். அவர் லீவுக்கு ஈடாக இன்று இரட்டை ஷிஃப்ட். பிள்ளைகளுக்கு அப்பளம் பொரித்து ஒப்பேற்றினேன்.

ஏப்ரல் 15, புதன்

விஷு. விடிந்ததும் கண் விழிக்கப் பழமும் காய்கறியும் அடுக்கிக் கணி வைத்தேன். சுஜின் கண்ணை மூடிக்கொண்டு வந்து வெள்ளரிக்காயில் இடறி விழுந்தான்.

ஏப்ரல் 18, சனி

துணி அடுக்கியாகிவிட்டது. அவருடைய நீலச் சட்டையை நான் தேய்த்து வைத்தேன். அவர் எடுத்து மறுபடியும் தேய்த்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட இந்த மனுஷன் இப்படிச் சட்டை போட்டு வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? பிள்ளைகள் முன்னால் ஏதாவது சொல்லிவிட்டால்? இவர் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே மாட்டார்.

ஏப்ரல் 19, ஞாயிறு — திருநெல்வேலி லாட்ஜ்

விடியுமுன் கிளம்புவதாக ஏற்பாடு. சுஜினின் ஒற்றைச் செருப்பைத் தேடியதில் வெயில் ஏறிவிட்டது. கட்டிலுக்குக் கீழே, சுவர் ஓரமாக, அவனே ஒளித்து வைத்தது.

நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் அபிஷா முதல் வாந்தி. வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழம் கொடுத்து முகர்ந்துகொண்டே வா என்றேன். அந்தப் பழத்தின் மேலேயே எடுத்தாள். எட்டு வயதுப் பெண், கவரை வாய்க்கு நேராகப் பிடிக்கத் தெரிய வேண்டாமா? மார்த்தாண்டத்தில் இரண்டாவது. அதற்குமேல் வயிற்றில் ஒன்றும் இல்லாததால் தூங்கிவிட்டாள்.

சுஜின் அஞ்சு நிமிடத்துக்கு ஒருதரம், "அம்மா, எத்தியாச்சா?" வந்து சேர்ந்தாச்சா என்பதற்கு மலையாளத்தையும் தமிழையும் பிசைந்து அவனாக உண்டாக்கிய வார்த்தை. எத்தவில்லை, எத்தவில்லை என்று சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பார்த்ததும் அபிஷா எழுந்துகொண்டாள். யார் பக்கத்து ஜன்னலில் காற்றாலை அதிகம் என்று சண்டை. அது தீர்வதற்குள் காற்றாலைகளே தீர்ந்துவிட்டன.

அவர் வழி முழுக்க மணி பார்த்துக்கொண்டே ஓட்டினார். நாளை மறுநாள் நடக்கிற கொடைக்கு இன்றைக்கே மணி பார்ப்பவரை என்ன சொல்வது! சுஜின் மூத்திரம் வருகிறது என்றான். அடுத்த ஊர், அடுத்த பங்க் என்று இவர் தள்ளிக்கொண்டே போனார். நாங்குநேரிக்குப் பக்கத்தில் சீட்டிலேயே போய்விட்டான்.

"நாலு வயசுப் பிள்ளைக்கு அடக்க முடியுமா? அது உங்க கிரேன் இல்லை கேட்டோ, லீவர் பிடிச்சா நிக்கிறதுக்கு!" என்று கத்தினேன்.

வண்டியை ஓரம் கட்டினார். நான் இறங்குவதற்குள் அவரே சீட்டைத் துடைத்து, பிள்ளைக்கு நிக்கர் மாற்றி, ஒரு வேலிமரத்து நிழலில் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். "அப்பா மேல தப்புடா மக்கா" என்று அவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. என்னிடம் சொல்ல மாட்டார்.

லாட்ஜில் பிள்ளைகள் கட்டிலில் குதிக்கிறார்கள். அவர்களுக்கு இதுதான் கொடை. இவர் தன்னால் பேச ஆரம்பித்தார்: "உங்க பெரியப்பா ஒரு கை தண்ணிக்குள்ள விட்டா கெண்டையோடதான் எடுப்பான். நான் கெணத்துல விழுந்தப்ப அவன்தான் குதிச்சித் தூக்குனான். அவனுக்கு அப்ப நீச்சல் தெரியாது." ஒன்பது வருடக் கல்யாணத்தில் இந்தக் கதையை நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் தூத்துக்குடி வழியாகத்தான் வந்தோம். அத்தான் வீட்டுக்குத் திரும்பும் சாலை வந்தது. "நேராவே போவோம். அவன் இந்நேரம் ஊர்லதான் இருப்பான், பந்தல் வேலையெல்லாம் அவன் பொறுப்பு" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

விளாத்திகுளம் தாண்டிக் கரிசல் காடு. செவல்காட்டுக்குள் நுழையும்போதே எனக்கு ஏதோபோல் இருந்தது. மைக் சத்தம் இல்லை. கொட்டு இல்லை. கோவில் முன்னால் பந்தல்கால் பிடுங்கிய குழிகள், காய்ந்த மாவிலை, கருகின பொங்கல் அடுப்புக் கற்கள். ஒரு நாய் படுத்திருந்தது.

"சாமி எங்கே?" என்றான் சுஜின்.

பூசாரி வேல்சாமி வேப்பமரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். இவரை அடையாளம் கண்டு எழுந்து வந்தார்.

"ஏ கணேசு! எப்பம் வந்தே? என்ன இந்தப் பக்கம்?"

"கொடைக்கு அண்ணாச்சி."

"எந்தக் கொடைக்கு? கொடை முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சே. சித்திரை ஒண்ணாந் தேதியே செவ்வாய் வந்துட்டுல்லா. வருஷப் பிறப்பும் கொடையும் ஒண்ணா வந்து, சனம்னா சனம்…"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எனக்கு மண்டையில் அடித்தது போல் புரிந்தது. அங்கே மேடம் ஒன்று பதினைந்தாம் தேதி. இங்கே சித்திரை ஒன்று பதினாலு. ஒரே ஒரு நாள் வித்தியாசம். அந்த ஒரு நாள் செவ்வாய்க்கிழமையாகப் போய்விட்டது! அம்மா போன் பண்ணி வாழ்த்துச் சொன்னாளே, நானும் கேட்டுக்கொண்டுதானே நின்றேன்? புத்தி எங்கே போயிற்று? விஷுவுக்குக் கணி வைத்து, சட்டை தேய்த்து… அங்கே நாங்கள் அப்பளம் தின்றுகொண்டிருந்தபோது இங்கே கொடை நடந்திருக்கிறது.

பூசாரியிடம் காலண்டர் விஷயத்தைச் சொன்னேன். அந்த மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "திருவனந்தபுரத்து மருமக உச்சினிமாகாளிய மலையாளத்துக்காரி ஆக்கிட்டாளே!" இவர் சிரிக்கவில்லை. போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பதினாலுன்னு எனக்கே தெரியும்ல" என்றார். "நீ சொன்னா சரியா இருக்கும்னு நான் யோசிக்கல. விடு. அண்ணன் சொன்னது சரிதான். நான் பிந்துற பயதான்."

அழுதுவிட்டேன். பிள்ளைகள் நாயோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம்: பூசாரி வீட்டில் இருக்கிறோம். உடனே திரும்பலாம் என்றார் இவர். பூசாரி விடவில்லை. நாளைக்கு எட்டாங்கொடையாம். கொடை முடிந்ததும் நடையைச் சாத்திவிட்டு, எட்டாம் நாள் உச்சிக்கு மட்டும் திறந்து ஒரு பொங்கல், ஒரு தீபாராதனை. நாலைந்து பேர்தான் வருவார்களாம். "வந்தது வந்தீக, அம்மன் முகத்தையாவது பாத்துட்டுப் போங்க" என்றார்.

தண்ணீர் எடுக்கப் போவதுபோல் கோவில் பின்பக்கம் போய், இவருக்குத் தெரியாமல் மாடம்மாள் அக்காவுக்குப் போன் போட்டேன். அத்தானின் மனைவி. நாலு வருடமாக அந்த எண்ணைத் தொட்டதில்லை.

"ஏ அஜிதா! நீதானா? ஆரு செத்தா?" அதுதான் முதல் கேள்வி.

"யாரும் சாகலக்கா. நாங்க செவல்காட்டுல நிக்கிறோம். கொடைக்கு வந்தோம்."

"எந்தக் கொடைக்கு பிள்ள?"

சொன்னேன். எல்லாவற்றையும். தேதி பார்த்தது நான்தான், அவர்மேல் தப்பில்லை என்று மூன்று தடவை சொன்னேன். அக்கா முதலில் சிரித்தாள், பிறகு அவள் குரல் மாறிப்போயிற்று. "உங்க அத்தான் கொடையன்னைக்குப் பந்தலுக்குள்ள நிக்கவே இல்ல பிள்ள. பஸ் வார ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாவ. வருஷா வருஷம் இதே கததான். கேட்டா, காத்து வாங்குதேம்பாவ."

"நாளைக்கு வருவாங்களாக்கா?"

"சொல்லிப் பாக்கேன். உங்க அத்தான் என்ன சொல்லுதாவளோ!"

ஏப்ரல் 21, செவ்வாய்

காலையில் அக்காவின் செய்தி: "கெளம்பிட்டோம். ஸ்கூட்டர்ல வாரோம்." அதன்பிறகுதான் இவரிடம் சொன்னேன்.

"உன்னை யாரு போன் பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல. தேதியைக் கெடுத்தது நான். பின்னே யாரு சரி பண்ணுறது?"

"அவன் ஏதாவது சொல்லிட்டா?"

"சொன்னா கேட்டுக்கோங்க. மூத்தவர்தானே? நீங்களும் நாலு சொல்லுங்க. வாயைத் தைச்சு வச்சிருந்து இந்த நாலு வருஷத்துல என்னத்தக் கண்டீங்க?"

கொஞ்ச நேரத்தில் பார்த்தால் பூசாரி வீட்டுக் கிணற்றடியில் முகம் சவரம் செய்துகொண்டிருந்தார். எனக்குப் போதும்.

நடை திறந்தார்கள். அம்மன் போன வாரத்துப் பட்டோடு இருந்தாள். பெண்கள் மூன்று பேர், வயதானவர்கள் இரண்டு பேர், நாங்கள். பொங்கல் பொங்கிவிட்டது. அத்தானைக் காணோம். போன் போட்டால் எல்லைக்கு வெளியே என்கிறது. வெயில் கரிசலை உரிக்கிறது. சுஜினுக்குப் பசி, அபிஷாவுக்குத் தலைவலி. பூசாரி வானத்தைப் பார்த்தார். உச்சி தாண்டினால் நடையைச் சாத்திவிட வேண்டும், அது அவர்கள் வழக்கம். வெண்கல மணியை ஒரு கையிலும் கற்பூரத் தட்டை மறு கையிலுமாக எடுத்தார்.

"பொறுங்க அண்ணாச்சி" என்றார் இவர்.

"என்னப்பா?"

"எங்கண்ணன் வருது."

எங்கண்ணன். இந்த வார்த்தையை இவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை நாள் ஆயிற்று!

"நேரம் ஆகுது கணேசு. நேரம் யாருக்காகவும் நிக்காது."

இவர் நடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். கும்பிட்ட கை கும்பிட்டபடி இருந்தது, ஆனால் வழியை மறித்துத்தான் நின்றார். "எங்கம்மைக்கு நேரம் பாத்துத்தான் எல்லாஞ் செஞ்சாங்க. அது எனக்குத்தான் தெரியும் எப்படின்னு. இன்னைக்கு நேரம் பாக்க வேண்டாம். அவன் வந்த பொறவு காட்டுங்க."

கிழவர்களில் ஒருவர், முறை தப்பக் கூடாது என்று முனகினார். பூசாரி இவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "அம்மனுக்கு அவசரம் கிடையாது. பசி எனக்குத்தான்."

காத்திருந்தோம். இவர் நடையை விட்டு நகரவில்லை. நான்தான் ரோட்டுக்கும் கோவிலுக்குமாக அலைந்தேன். வர மாட்டார்களோ, வழியில் மனது மாறித் திரும்பிவிட்டார்களோ?

கடைசியில் வந்தார்கள். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு. முன் டயர் தரையோடு தரையாக இருந்தது. அக்கா செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். அத்தானுக்கு முடி பாதி நரைத்துவிட்டது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வண்டியை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வந்தவர் அணையாத அடுப்பையும் ஏற்றாத கற்பூரத்தையும் பார்த்தார்.

"இன்னும் ஆகலியா?"

"உன் தம்பி விடலப்பா" என்றார் பூசாரி.

அத்தான் இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். என் பிள்ளை, என் சொத்து, அப்போது பார்த்து முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பெரியப்பா லேட்டு ஆயிப்போயி!" என்றான்.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அத்தானும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முகம் கோணிக்கொண்டு போனது. "ஆமாய்யா, பெரியப்பாதான் லேட்டு" என்று அவனைத் தூக்கிக்கொண்டு இவர் அருகே வந்தார்.

"எனக்காவ நிப்பாட்டி வச்சியால?"

இவர் தலையாட்டினார்.

"அன்னைக்கு நான் நிப்பாட்டலியேல."

இவர் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மனுஷன் சொன்னது இவ்வளவுதான்: "வண்டி எங்க வச்சு பஞ்சராச்சு?"

"விளாத்திகுளம் தாண்டி."

"அங்கயிருந்தா தள்ளிட்டு வந்த? ஒரு போன் அடிக்கப்பிடாதா அண்ணே?"

பூசாரி மணியடித்தார். பொங்கல் அடிபிடித்திருந்தது. எல்லோரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 22, புதன்

இரவு அத்தான் வீட்டில் தங்கினோம். அண்ணனும் தம்பியும் ஸ்கூட்டர் டயரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்காவும் நானும் அடுப்படியில் அவர்களுக்கும் சேர்த்து அழுதோம்.

ஏப்ரல் 23, வியாழன்

திரும்பிவிட்டோம். அபிஷா ஒரே ஒரு வாந்தி. அழுக்குத்துணி மலைபோல் கிடக்கிறது.

மே 17, ஞாயிறு

அத்தான் போனில் பேசினார். என்னிடம்தான் முதலில். "காலண்டர் பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிக்கிறார். இது இனி என் தலையெழுத்து. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்ததில், இவரைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன கூட்டு கருகியது, நான் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 12, புதன்

ஆடி அமாவாசை. இங்கே கர்க்கடக வாவு. நேற்றே அத்தானும் அக்காவும் ரயிலில் வந்து தம்பானூரில் இறங்கினார்கள். இருட்டோடு எல்லோரும் சங்குமுகம் கடற்கரைக்குப் போனோம். சரியான கூட்டம். மணலில் வரிசையாக உட்கார வைத்து, மந்திரம் சொல்கிறவர் மைக்கில் மலையாளத்தில் சொல்லச் சொல்ல, இவர் அத்தானுக்குக் காதோடு தமிழில் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளை நானும் அக்காவும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்திருந்தோம்.

மாமியாருக்குப் பிண்டம் வைக்கும் நேரம் வந்தது. அத்தான் தன் கையிலிருந்த எள்ளுச்சோற்று உருண்டையை எடுத்து இவர் இலையில் வைத்தார்.

"நீயும் வையிண்ணே. ரெண்டு பேரும்தானே" என்றார் இவர்.

"நான் அன்னைக்கே வச்சிட்டேன். உன் மொறைய நான் செஞ்சிட்டேன். இனிமே வருஷா வருஷம் நீ செய்யி."

இவர் வைத்தார். இலையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். ஆடி மாதத்துக் கடல், அலை இடுப்புக்கு மேல் வருகிறது. முதுகு குலுங்குவது கரையிலிருந்தே தெரிந்தது. அத்தான் பின்னாலேயே இறங்கி, இவர் இடுப்பு வேட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.